நொண்டிய பிறகா குளம்பைப் பார்ப்பது?

ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் கால்நடை மருத்துவர்களிடம் நொண்டிக் குதிரைகள் வரத் தொடங்கிவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் டாக்டர் ஓடுச்சு" என்பார் உரிமையாளர். காலைத் தூக்கி, அடைந்து கிடக்கும் சாணியைக் கொக்கியால் நோண்டினால் அழுகல் வாடை குப்பென்று முகத்தில் அடிக்கும். அடிக்குளம்பின் நடுவே ரப்பர் போல இருக்க வேண்டிய முக்கோணத் திண்டு கறுத்துக் குழைந்து, விரலோடு பிய்ந்து வரும்.

நேற்று வந்த கோளாறில்லை இது. ஈரத் தரையில் பல நாள் ஊறியது. அதற்குள் மருத்துவரைத் தவிர எல்லாரிடமும் யோசனை கேட்டு முடித்திருப்பார்கள்.

லாடம் இல்லாவிட்டால் வேலையும் இல்லையா?

லாடம் அடிக்காத குதிரையின் குளம்பு தானாகத் தேய்ந்துகொள்ளும் என்பது பாதி உண்மை. கரடுமுரடான நிலத்தில் நாளெல்லாம் அலையும் காட்டுக் குதிரைக்கு அது சரி. லாயத்தில் கட்டிக் கிடக்கும் குதிரைக்குச் சரியாகாது. மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மி.மீ. குளம்பு வளர்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை ராவாமல் விட்டால் முன்நுனி நீண்டு, ஓரம் வெடித்து, காலின் பின்பக்கத் தசைநாணில் இழுவை ஏறும்.

லாடமில்லாத குளம்பை உறுதியாக்கும் வழி பழையதுதான். கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே, லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பிக் குதிரையை அதன்மேல் நிற்கவிடச் சொன்னார் கிரேக்கரான செனபோன்.

பாட்டிலைக் கீழே வையுங்கள்

பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், மயில்துத்தப் பொடி, ஆசிட். குளம்பு அழுகலுக்கு இவற்றை ஊற்றாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! அழுகலோடு சேர்த்து உயிருள்ள திசுவையும் இவை பொசுக்குகின்றன. அழுகலை உண்டாக்கும் கிருமிகள் காற்றில்லாத இடத்தில் செழிப்பவை. எண்ணெய் பூசி அடைத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். சுத்தமும் உலர்ந்த தரையும் காற்றும்தான் முதல் மருந்து.

கொள்ளும் தானியமும் அள்ளிப் போட்டால் குளம்பு இறுகும் என்பது அடுத்த நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. அளவு மீறிய தானியம் லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சியைக் கிளப்பும். குளம்பு கொதிக்கும், முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்துக் குதிரை நிற்கும். "நடக்க விட்டா சரியாயிடும்" என்று அதை இழுத்துக்கொண்டு நடப்பது கொடுமை. உள்ளே எலும்பே இடம்பெயர்ந்துவிடலாம். குளம்பை ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மருந்துக்கடையில் வாங்கிப் போடும் வலி ஊசி இன்னொரு தலைவலி. வலி மறைந்ததும் சீழ் கட்டிய காலை ஊன்றிக் குதிரை நடக்கும், புண் ஆழமாகும். வயிறும் சிறுநீரகமும் கெடும். டைக்ளோஃபெனக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் போட இந்தியா 2006-லேயே தடை விதித்துவிட்டது.

ஆணி குத்தினால் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. மேலும் ஏறாதபடி காலைத் தாங்கிப் பிடித்து மருத்துவரை வரவழைக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும்.

அரம் பிடிக்கப் பழகுவது

குளம்பு ராவுவதைப் படத்தைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. தேர்ந்தவர் பக்கத்தில் சில மாதம் நின்று பழக வேண்டும். முக்கோணத் திண்டில் தொங்கும் கிழிசலை மட்டும் நீக்கலாம். அடிக்குளம்பைக் கத்தியால் செதுக்கவே கூடாது. கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினால் ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்று பொருள். வெளிச்சுவரின் ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டால் வெடிப்பு குறையும். ராவியதும் சரளைத் தரையில் நடத்திப் பாருங்கள். முன்பு நடந்த குதிரை இப்போது கூசினால், எடுத்தது அதிகம்.

கெஞ்சிக் கேட்பது இவ்வளவுதான்

அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கும்போது சுழி பார்ப்பவர்கள், அதே கையோடு நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். பாழான குளம்பு முன்பக்கம் முழுதாகப் புதிதாய் இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். அத்தனை காலமும் வலியைச் சுமப்பது வாயில்லாத அந்த ஜீவன்.

தயவுசெய்து தினமும் சாயங்காலம் குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். லாயத் தரையை உலர்த்துங்கள். அடுத்து ராவ வேண்டிய தேதியை இன்றே காலண்டரில் குறியுங்கள். பக்கத்திலேயே டெட்டனஸ் தடுப்பூசிக்கான தேதியையும் எழுதுங்கள்.