உஷார்! ‘சொந்தக் காலில் நில்லுங்க’ என்று சொல்லிப் பணம் கேட்கிறார்கள்

“எத்தனை நாளைக்குக்கா மாமாகிட்டயே கை நீட்டுவீங்க? உங்களுக்குன்னு ஒரு அடையாளம் வேண்டாமா?” மதியச் சாப்பாடு முடிந்து தெரு ஓய்ந்திருக்கும் நேரத்தில், தெரிந்த பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து இப்படி ஆரம்பித்தால் அப்போதே உஷாராகிவிடுங்கள். அடுத்து ‘பெண்கள் முன்னேற்றம்’ வரும், ‘தன்னம்பிக்கை’ வரும், ‘உங்களுக்கு நீங்களே முதலாளி’ வரும். கடைசியில் ஜாயினிங் தொகை வரும்.

இந்தச் சொற்கள் நம் பெண்கள் பாடுபட்டுச் சம்பாதித்தவை. பயமே அதனால்தான். ‘போட்ட பணம் இரட்டிப்பாகும்’ என்றால் சந்தேகப்படுகிற அம்மாக்கள்கூட, ‘உங்களால முடியும்’ என்று ஒருவர் சொன்னதும் இளகிவிடுகிறார்கள். அதுவரை வீட்டில் யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதே இல்லையே!

நல்ல வார்த்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஐந்தாம் செக்டாரில், மிட்லேண்ட் பார்க் கட்டடத்தில்தான், பொதுமக்களிடம் பணம் வசூலித்த சாரதா குழுமத்தின் தலைமை அலுவலகம் இருந்தது. ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவியை அன்னையாகவே வணங்குகிற மண்ணில் அந்தப் பெயர் போதும், நம்பிக்கை பிறந்துவிடும். 2013 ஏப்ரலில் குழுமம் கவிழ்ந்தபோது பணம் போட்டிருந்தவர்கள் 17 லட்சம் பேருக்கு மேல். தலைவர் சுதிப்தா சென் காஷ்மீரில் சோனமார்க்கில் பிடிபட்டார். மேற்கு வங்க அரசு 500 கோடி ரூபாய் நிவாரண நிதி அறிவித்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

அந்தப் பணத்தை வீடு வீடாகப் போய் வாங்கி வந்தவர்கள் ஏஜென்ட்டுகள். அதே ஊர்க்காரர்கள், நிலையான வேலை கிடைக்காதவர்கள். வசூலித்த பணத்தில் அவர்களுக்கு 25 முதல் 40 சதவீதம் வரை கமிஷன் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. இந்த இடத்தில் நின்று கணக்குப் போடுங்கள். நூறு ரூபாயில் 30 ரூபாய் கமிஷனாகப் போனால் கையில் நிற்பது 70. அந்த 70 மறுபடி நூறாவதற்கே ஏறக்குறைய 43 சதவீத லாபம் வேண்டும். அதற்குமேல்தான் உங்களுக்கு வட்டி. எந்த நேர்மையான தொழிலில் வருடா வருடம் இவ்வளவு கிடைக்கும்? புதிதாகச் சேர்கிறவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தால்தான் வண்டி ஓடும். ஆள் சேருவது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

நின்றது. கம்பெனி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஏஜென்ட்டின் வீடு மட்டும் அதே தெருவில் இருந்தது. சித்தியும் பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த வாசலில் வந்து நின்றார்கள். ஏஜென்ட்டுகள் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. சொந்தமாகச் சம்பாதிக்க ஒரு வழி என்று நம்பி இறங்கியவர்கள் அவர்கள்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுவிட்டுத் தவித்தார்கள். அதற்கு முன்பு பெருந்துறை ஈமு கோழித் திட்டம், திருப்பூர் பாசி நிறுவனம் என்று மோசடிகள். இன்று இதே வேலை வாட்ஸ்அப் குரூப்பிலும் ஜூம் மீட்டிங்கிலும் நடக்கிறது. சேர்ந்த அன்றே உங்களை ‘லீடர்’ என்பார்கள், பேரைச் சொல்லிக் கைதட்டுவார்கள். பிறகு, “உங்களுக்குக் கீழே ரெண்டு ஐடி போடுங்க மேடம்” என்பார்கள். அதாவது, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட வேண்டும்.

நிஜமான மகளிர் சுய உதவிக் குழு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி இது. 10 முதல் 20 பேர் வரை, எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சேமிப்பு குழுவின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் இருக்கும். யாருக்கு எவ்வளவு கடன் என்று கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். ஆள் பிடித்தால் கமிஷன் என்ற பேச்சே கிடையாது.

ஆகவே அந்தப் பெண் நோட்டீஸை நீட்டும்போது மூன்று கேள்விகளை நேராகக் கேளுங்கள். பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? பொதுமக்களிடம் பணம் திரட்ட ரிசர்வ் வங்கியோ செபியோ கொடுத்த அனுமதி எங்கே? புதிதாக யாருமே சேராவிட்டால் என் பணம் எதிலிருந்து திரும்பி வரும்? கம்பெனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டிச் சமாளிப்பார்கள். அது கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் சான்று, டெபாசிட் வாங்க அனுமதி ஆகாது. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு ஒரு அவசர வேண்டுகோள். போட்ட பணத்தை மீட்க இன்னொருவரைச் சேர்க்காதீர்கள். 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டப்படி, தெரிந்தே பொய்யான வாக்குறுதி கொடுத்துப் பிறரை இழுப்பவருக்கும் சிறை உண்டு. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், குரூப்பில் வந்த குரல் பதிவுகள் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸிடம் போங்கள். குரூப்பை அவர்கள் கலைத்துவிடுவதற்குள் போங்கள்.