ஓடுபாதைதான் நெடுஞ்சாலை

அலாஸ்காவின் வடமுனையில், ஆர்க்டிக் கடலோரத்தில் இருக்கிறது உட்கியாக்விக். 2016-ல் ஊர்மக்கள் வாக்களித்து இனுபியாட் பழங்குடியினரின் இந்தப் பெயரை மீட்கும்வரை ‘பாரோ’ என்றுதான் வழங்கியது. சுமார் 5,000 பேர் வாழும் இந்த ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. கடலில் பனி விலகும் கோடையில் சரக்குப் படகு வரும். மற்ற நாளெல்லாம் பாலோ, டயப்பரோ, மாற்று இன்ஜினோ விமானத்தில்தான் வந்தாக வேண்டும்.

அதற்கென்றே அலாஸ்காவில் ‘பைபாஸ் மெயில்’ என்றொரு ஏற்பாடு. கடைக்காரர் குறைந்தது 1,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிலோவுக்கு, ஆர்டர் போட வேண்டும். சரக்கு தபால் நிலையத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், தபால் கட்டணத்திலேயே விமானம் ஏறிவிடும். சோடா பாட்டிலும் சட்டப்படி தபால்தான்!

இந்த ஊர் விமான நிலையத்தின் பெயர் ‘வைலி போஸ்ட் – வில் ராஜர்ஸ் நினைவு விமான நிலையம்’. போஸ்ட், 1933-ல் தனியாளாக விமானத்தில் உலகைச் சுற்றிய முதல் மனிதர். ராஜர்ஸ், அமெரிக்கா கொண்டாடிய நகைச்சுவையாளர். 1935 ஆகஸ்ட் 15 அன்று இந்த ஊரைத் தேடி வந்தவர்கள், மோசமான வானிலையில் திசை தெரியாமல் ஒரு காயலில் இறங்கினார்கள். அங்கே முகாமிட்டிருந்த இனுபியாட் மக்களிடம் வழி கேட்டுவிட்டு மறுபடி கிளம்பினார்கள். மேலெழும்பிய வேகத்தில் இன்ஜின் நின்றது. விமானம் தண்ணீரில் தலைகுப்புற விழுந்து இருவரும் இறந்தார்கள். ஊருக்கு இன்னும் சுமார் 20 கி.மீ.தான். வந்து சேராதவர்களின் பெயரை விமான நிலையத்துக்கு வைக்க நம்மூரில் யாரும் துணியமாட்டார்கள். சகுனம் குறுக்கே நிற்கும்.

இங்கே குறுக்கே நிற்பது வேறு. 2017 அக்டோபரில் புயலுக்குப் பிறகு பனி அள்ளப் போன ஊழியர்கள், ஓடுபாதையில் ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள தாடிக் கடல்நாய் ஒன்று சாவகாசமாகப் படுத்திருப்பதைப் பார்த்தார்கள். கடல் விலங்குகளைத் தொட விமான நிலைய ஊழியர்களுக்கு அனுமதியில்லை. விலங்குக் கட்டுப்பாட்டுத் துறையினர் வந்து, அதைச் சறுக்குவண்டியில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள்.

சிரிப்பு அதோடு சரி. வெயின்ரைட், அட்காசுக் போன்ற இன்னும் சிறிய ஊர்களுக்கு இங்கிருந்துதான் குட்டி விமானங்கள் போகின்றன. 2020 ஏப்ரலில், கொரோனா அடியில், அவற்றை இயக்கிவந்த ராவ்ன் ஏர் நிறுவனம் திவாலாகி, சேவையை ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. பஸ் நின்றால் ஷேர் ஆட்டோ பிடிக்கலாம்; அந்த ஊர்க்காரர்கள் வேறொரு விமான நிறுவனம் முன்வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.