பூக்காரப் பெண்ணும் பேச்சுப் பேராசிரியரும்

லண்டன் மாநகரின் காவென்ட் கார்டன், அந்நாளில் காய்கனிகளும் மலர்களும் வந்து குவியும் பெருஞ்சந்தை. அருகிலேயே செல்வந்தர்கள் வந்து செல்லும் நாடக அரங்குகள். ஓர் இரவு மழை கொட்டுகிறது. தேவாலய முகப்பில் ஒதுங்கி நிற்போரிடையே பூ விற்கும் இளம்பெண் ஒருத்தியும் இருக்கிறாள். அவள் பேசுவதையெல்லாம் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். காவல்துறையின் ஆளோ என்று நடுங்கி, தான் ஒரு தவறும் செய்யவில்லை எனக் கதறுகிறாள் அவள். தன் பேச்சை ஒருவர் எழுதுகிறார் என்பதே ஏழைக்கு அச்சம் தருகிறது!

அறிஞர் பெர்னாட்ஷா 1912-இல் எழுதிய 'பிக்மாலியன்' நாடகம் இவ்வாறுதான் தொடங்குகிறது. 1913-இல் வியன்னாவில் ஜெர்மன் மொழியிலும், 1914-இல் லண்டனில் ஆங்கிலத்திலும் இது மேடையேறியது. தான் செதுக்கிய சிலையையே காதலித்த சிற்பியைப் பற்றிய பழங்கதையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட ஷா, அந்தக் கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார். இங்கே சிலை வாய் திறந்து சிற்பியைக் கேள்வி கேட்கிறது.

ஒரு ஷில்லிங்கின் மதிப்பு

குறிப்பெடுத்தவர் ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ். ஒருவர் வாய் திறந்தால் எந்தத் தெருவில் வளர்ந்தவர் என்றே சொல்லிவிடுவார். அவரைக் காண்பதற்கென்றே இந்தியாவிலிருந்து வந்தவர் கர்னல் பிக்கரிங். இந்திய மொழிகளை ஆராய்ந்தவர். இந்தப் பெண்ணுக்குப் பேச்சைக் கற்பித்தால் சில மாதங்களில் சீமாட்டியாக உலவவிடலாம் என்கிறார் ஹிக்கின்ஸ்.

மறுநாள் அந்தப் பெண், எலிசா டூலிட்டில், அவர் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். சீமாட்டியாகும் ஆசை அவளுக்கில்லை. தெருவோரத்தை விட்டு ஒரு பூக்கடையில் வேலை பெற வேண்டும். அதற்கு நல்ல பேச்சு வேண்டும். பாடத்துக்கு ஒரு ஷில்லிங் தருவதாகச் சொல்கிறாள். ஹிக்கின்ஸ் கணக்கிட்டுப் பார்க்கிறார். அது அவளுடைய ஒருநாள் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு! எந்தச் செல்வந்தரும் அவருக்கு அப்படிக் கொடுத்ததில்லை. ஆயினும் அவர் காண்பது ஓர் ஆராய்ச்சிப் பொருளைத்தான், மாணவியை அன்று.

பயிற்சி முடிந்தபின் இவள் கதி என்ன என்று வீட்டுப் பணிகளைக் கவனிக்கும் பியர்ஸ் அம்மையார் கேட்கிறார். பின்னர் ஹிக்கின்ஸின் தாயாரும் அதையே கேட்கிறார். ஆண்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

வெற்றிக்குப் பின்

முதல் சோதனை தாயார் வீட்டில் நடக்கிறது. எலிசாவின் உச்சரிப்பில் குற்றமில்லை. ஆனால் அவள் பேசுவதோ, தன் அத்தையை யாரோ தொப்பிக்காகக் கொன்றிருப்பார்கள் என்ற கதை! ஒலி மாறிவிட்டது, வாழ்ந்த வாழ்வு மாறவில்லை. அவையோர் சிரிக்கின்றனர். அச்சிரிப்புக்குள் ஓர் ஏழைக் குடும்பத்தின் துயரம் புதைந்திருக்கிறது.

பின்னர் உயர்குடியினரின் விருந்தில் எலிசா முழு வெற்றி பெறுகிறாள். அன்றிரவு வீடு திரும்பிய இருவரும், வேலை முடிந்தது என்று மகிழ்கின்றனர். வெற்றியை ஈட்டியவளை ஒரு சொல்லாலும் பாராட்டவில்லை. பொறுக்க முடியாமல் அவள் செருப்புகளை எடுத்து ஹிக்கின்ஸ் மீது வீசுகிறாள். இனி நான் எதற்குத் தகுதி என்று கேட்கிறாள். பூ விற்றுத் தன் காலில் நின்றவளை, பிழைக்க வழியில்லாத சீமாட்டியாக்கிவிட்டார்களே! உடுத்தியிருக்கும் ஆடைகள் தனக்குச் சொந்தமா, அல்லவா என்றும் கேட்கிறாள். பின்னால் திருட்டுப் பட்டம் வந்துவிடக்கூடாதே என்னும் கவலை. நாடகத்தின் நெஞ்சைத் தொடும் இடம் இதுவே.

எது கல்வி?

எலிசாவின் தந்தை குப்பை அள்ளும் தொழிலாளி. எதிர்பாராமல் பெரும் பணம் வந்ததும், மதிப்புள்ள மனிதராக நடந்தாக வேண்டிய கட்டாயத்தில் சிக்கிப் புலம்புகிறார். மேல்தட்டுக்கு ஏறியவர் இழந்தது சுதந்திரம். மகளோ ஏறிய இடத்தில் தன்னைத் தேடுகிறாள்.

உண்மையான கல்வியைத் தந்தவர் ஹிக்கின்ஸ் அல்லர் என்கிறாள் எலிசா. முதல் நாளிலேயே தன்னை மரியாதையாக 'மிஸ் டூலிட்டில்' என்றழைத்த பிக்கரிங்கிடமிருந்தே அது தொடங்கியதாம். ஒருத்தி சீமாட்டியா, பூக்காரியா என்பதைப் பிறர் அவளை நடத்தும் விதமே தீர்மானிக்கிறது என்பது அவள் கண்ட உண்மை. சீமாட்டியையும் பூக்காரியையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன் என வாதாடுகிறார் ஹிக்கின்ஸ். ஆம், இருவரையும் ஒரே மாதிரி மரியாதையின்றி! தானே பிறருக்குப் பேச்சுக் கற்பித்துப் பிழைக்க முடியும் என்று உணரும் கணத்தில் எலிசாவின் அச்சம் அகன்றுவிடுகிறது.

இருவரும் மணந்துகொள்ள வேண்டுமென ரசிகர்கள் விரும்பினர். ஷா இணங்கவில்லை. 1916-இல் நாடகத்தோடு சேர்த்த பின்னுரையில், எலிசா பிரெடி என்னும் இளைஞனை மணந்து பூக்கடை நடத்துவதாக எழுதினார். எனினும் 1938-இல் வந்த திரைப்படமும், 1956-இல் மேடையேறிய 'மை ஃபேர் லேடி' இசைநாடகமும் அவளை ஹிக்கின்ஸிடமே திருப்பி அனுப்பின.

'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் உள்ள தொலைவை அறிந்தது நம் மொழி. வாசலில் கூடையுடன் வந்து நிற்பவரை நாம் எப்படி அழைக்கிறோம்? நம் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்கிறார்கள்.