வானூர்திக் கட்டணப் படிமுறைகளும் போட்டிச் சட்டமும்

படிமுறை விலையிடல் என்பது ஒரு பொருளின் அல்லது சேவையின் விலையை மென்பொருள் கணித்து அடிக்கடி மாற்றியமைக்கும் முறையாகும். வானூர்திக் கட்டணம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பல நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒரே போக்கில் விலையை ஏற்றினால் அது சட்டவிரோத விலைக் கூட்டணி ஆகுமா என்பது போட்டிச் சட்டத்தில் எழும் வினாவாகும்.

இயங்கும் முறை

ஒரு வானூர்தியின் 180 இருக்கைகளும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. அவை பல கட்டண அடுக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. மலிவான அடுக்கு தீர்ந்ததும் அடுத்தது திறக்கப்படுகிறது. பழைய விற்பனை விவரம், பயணத்திற்கு எஞ்சியுள்ள நாட்கள், போட்டியாளரின் கட்டணம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை இருக்கைகள் என்பதை மென்பொருள் பரிந்துரைக்கிறது. ஆகவே ஒரு நிறுவனம் விலையை உயர்த்தினால், எவரும் எவருடனும் பேசாமலே மற்றவையும் உயர்த்தக்கூடும்.

சட்ட நிலை

போட்டிச் சட்டம், 2002 இன் 3ஆம் பிரிவு போட்டியாளர்களிடையே விலை குறித்த உடன்பாட்டைத் தடை செய்கிறது. உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். விலைகள் ஒத்திருப்பது மட்டும் குற்றமாகாது.

எடுத்துக்காட்டாக, ஒரகடத்தில் ஆலை கொண்டுள்ள அப்பல்லோ உள்ளிட்ட ஐந்து டயர் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2018 இல் அபராதம் விதித்தது. உற்பத்தியாளர் சங்கத்தின் வழியே விலைத் தகவல் பகிரப்பட்டதை ஆணையம் சுட்டிக்காட்டியது. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இவ்வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்திற்கே திருப்பி அனுப்பியது.

வானூர்தி வழக்கு

2015 இல் ஆணையம் தானாக முன்வந்து வானூர்தி நிறுவனங்கள் மீது ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. நிறுவனங்களின் விலையிடல் மென்பொருள்களும் ஆராயப்பட்டன. மென்பொருள் பரிந்துரை மட்டுமே செய்கிறது, இறுதி முடிவை ஊழியர்களே எடுக்கின்றனர், கூட்டணிக்குச் சான்று இல்லை என்று கூறி 2021 பிப்ரவரி 22 அன்று வழக்கு முடிக்கப்பட்டது.

அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. பொதுக் கணினி அமைப்பில் வருங்காலக் கட்டணங்களை அறிவித்தும் திரும்பப் பெற்றும் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று சைகை காட்டின என்று 1992 இல் அந்நாட்டு நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. அது 1994 இல் இணக்கத் தீர்வில் முடிந்தது.

எஞ்சியுள்ள வினா

2023 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதே தொழிலில் இல்லாதவரும் உடன்பாட்டை முன்னெடுப்பதில் பங்கேற்றால் அதில் ஒருவராகக் கருதப்படுவார். இதனால் போட்டியாளர்களை இணைக்கும் மென்பொருள் வழங்குநரும் பிடிபடலாம். எனினும் இதற்கும் ஓர் உடன்பாடு தேவை. ஊழியரின் தலையீடின்றி மென்பொருள்களே ஒன்றையொன்று கவனித்து விலையை உயர்த்தினால், 2021 ஆம் ஆண்டு முடிவின் முக்கிய அடிப்படை ஒன்று இல்லாமற் போகும்.

2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரையும், இன்டிகோ பயணங்கள் பெருமளவில் இரத்தான 2025 டிசம்பரிலும் விதிக்கப்பட்ட கட்டண வரம்புகள் அரசின் தற்காலிக ஆணைகளாகும். அவை போட்டிச் சட்டத்தின்கீழ் வந்தவையல்ல.