மேல்மாடியில் உறங்கும் பிள்ளைகள்



நம்முடைய செவிலியர் மாணவியர் விடுதிக்காக ஜெபித்துவரும் ஐரோப்பிய அன்பர் ஒருவர், "பிள்ளைகளின் அறைகளில் ஹீட்டர் வசதி உண்டா?" என்று கேட்டு எழுதியிருந்தார். மயிலாப்பூர் வாசிகளுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கேளாமலே கிடைத்த ஹீட்டர் ஒன்று எங்களுக்கு உண்டு. அதுதான் மொட்டைமாடி.

பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சும் கான்கிரீட் தளம், இரவில் அந்தச் சூட்டைக் கீழே உள்ள அறைக்குள் இறக்குகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது.

இதில் அதிகம் வருந்துகிறவர்கள் இரவுப் பணி முடித்து வரும் மாணவியர். காலையில் பசியாறிவிட்டு அவர்கள் படுக்கும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றே. மாலை ஜெபத்தில் அவர்களுடைய சிவந்த கண்களைப் பார்க்கிறேன். அன்றிரவு ஊசி மருந்தின் அளவைக் கவனிக்க வேண்டிய கண்கள் அவை. ஆகவே பிள்ளைகளின் உறக்கம் நோயாளிகளின் பாதுகாப்பும் ஆகும்.

செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, கூரை. பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடங்களில் தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல், சுண்ணாம்புக் கலவை என்று தளம் கனமாயிருந்தது, அறையும் உயரமாயிருந்தது. இன்றைய மெல்லிய தளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடித்தால் அறையின் சூடு இரண்டு மூன்று டிகிரி வரை தணியும். தூசியும் மழையும் வெண்மையைக் குறைப்பதால், சுண்ணாம்பை ஆண்டுதோறும் கத்திரி வெயிலுக்கு முன்பே அடிக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று. கோடையில் சென்னையில் முற்பகலில் மேற்கிலிருந்து தரைக்காற்று அனலாக வரும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பும். ஆகவே முற்பகலில் மேற்கு ஜன்னல்களை மூடித் திரையிட வேண்டும். கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்புற ஜன்னலையும் திறக்க வேண்டும். காற்று வெளியேற வழியிருந்தால்தான் உள்ளே வரும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியர் நூலின் முதல் அதிகாரமே காற்றோட்டத்தையும் அறையின் வெப்பத்தையும் பற்றியதுதான். காசநோயாளிகளையும் பராமரிக்கும் பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம்.

மூன்றாவது, மின்விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். 40 விசிறிகள் தினமும் 16 மணி நேரம் ஓடும் விடுதியில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 யூனிட் மிச்சமாகும். அந்தப் பணம் ஏழை நோயாளியின் மருந்துக்கு உதவும்.

அன்பர் ஒருவர் தம் தாயாரின் நினைவாக ஏ.சி. வாங்கித் தர முன்வந்தார். அவருடைய அன்புக்கு நன்றி சொல்லி, "ஐயா, முதலில் மாடிக்கு வெள்ளை அடிக்க உதவுங்கள்" என்றேன். சுடுகிற தளத்தின் கீழ் ஏ.சி. வைத்தால் அது தளத்தோடு போராடியே மின்சாரத்தைத் தின்னும். ஜன்னல்களையும் அடைக்க வேண்டும். ஓர் அறைதான் குளிரும். வெள்ளை அடித்தால் மேல்மாடி முழுவதற்கும் பயன் கிடைக்கும். "அங்கே அம்மாவின் பெயரைப் பொறிக்க முடியாதே?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "பரவாயில்லை, மேலேயிருந்து பார்க்கிறவருக்குத் தெரியும்" என்று அவரே சொன்னார்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில், சூனேம் ஊர் ஸ்திரீ தேவனுடைய மனுஷனுக்காக மேல்மாடியில் ஓர் அறை கட்டினாள். கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு ஆகியவற்றை யோசித்து வைத்தாள். அதே அதிகாரத்தில்தான் அவளுடைய மகன் அறுப்புக்காலத்தில் வயலுக்குப் போய், தலை நோகிறதென்று சொல்லி, மத்தியானத்தில் தாயின் மடியிலே மரித்தான். அது வெயிலின் தாக்கமே என்று வேத விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

அவளைப்போலவே நாமும் ஊழியம் செய்கிறவர்களின் அறையைக்குறித்து யோசிப்போமா? உங்கள் லெந்து காணிக்கையில் ஒரு பங்கை இந்த மொட்டைமாடிக்காக ஒதுக்க அன்புடன் வேண்டுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்