28 மி.மீ. ஹீரோவுக்குப் பெயின்ட் அடிக்கலாமா... ராஜகீழ்ப்பாக்கம் பால்கனி போதும்!

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுறவரா நீங்க? அப்படின்னா மேஜையில் நிற்கும் அந்தக் குட்டி மந்திரவாதி, வில்வீரன், டிராகன் பொம்மைகளைத் தெரிந்திருக்கும். அவைதான் மினியேச்சர். மனித உருவம் என்றால் சுமார் 28 மி.மீ. உயரம்தான், கட்டைவிரலில் பாதி!

"இந்த வயசுல பொம்மையா?" என்று வீட்டில் கேட்டால், பரண் மேல் இருக்கும் கொலுப்பெட்டியைக் காட்டுங்கள். பொம்மைகளை வைத்து விளையாட 1913-லேயே 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிப்புத்தகம் எழுதியவர் எச்.ஜி.வெல்ஸ். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டி அண்ட் டி-யை வெளியிட்டார்கள். நம்ம காஞ்சிபுரத்திலோ கொலு பொம்மை செய்பவர்களுக்கென்றே பொம்மைக்காரத் தெரு இருக்கிறது. களிமண் பொம்மைக்கு முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல் கலர் ஏற்றுவார்கள். மினியேச்சரிலும் அதே லாஜிக்தான்.

எப்படித் தொடங்குவது?

கழுவுங்க: சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும். வாள் வளைந்திருந்தால் வெந்நீரில் சில நொடிகள் காட்டி, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் முக்குங்கள்.

பிரைமர்: இதுதான் அந்த வெள்ளைப் பூச்சு. இது இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். மழைக்காலத்தில் ஸ்பிரே வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகிவிடும். பிரஷ்ஷால் பூசும் பிரைமரே நமக்கு சேஃப். ஸ்பிரேதான் என்றால் வெயில் நாளில், பால்கனியில், மாஸ்க் போட்டு அடியுங்கள்.

பேஸ் கோட்: ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பெயின்டில் ஐந்தாறு கலர் போதும். தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாங்க. திக்காக ஒரு கோட் அடித்தால் முகமே மறைந்துவிடும். மெல்லிசாக இரண்டு கோட் அடிங்க. மே மாத வெயிலில் பெயின்ட் சட்டென்று காய்ந்துவிடுகிறதா? டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ, அதன்மேல் பேக்கிங் பட்டர் பேப்பர். இதில் கலர் கலந்தால் மணிக்கணக்கில் காயாது.

வாஷ்: நல்லா நீர்த்த கரும்பழுப்பு கலரை மேலே பூசினால், மடிப்புகளில் இறங்கி நிழலாக நிற்கும்.

டிரை பிரஷ்: வெளிர் கலரைத் தொட்டு, டிஷ்யூவில் முக்கால்வாசி துடைத்துவிட்டு லேசாகத் தேயுங்கள். மேடுகள் மட்டும் பளிச்சென்று தெரியும்.

வார்னிஷ்: கைபட்டு கலர் உரியாமலிருக்க, கடைசியாக மேட் வார்னிஷ்.

பொடி பிரஷ்தான் வேணும்னு இல்லை. முனை கூராக இருக்கும் 0 அல்லது 1 சைஸே கண் வரைக்கும் போகும். பொம்மையை மாத்திரை டப்பா மூடியில் ஒட்டிப் பிடித்தால் கை நடுங்காது.

பர்ஸ் பத்திரம்!

இந்தப் பொழுதுபோக்கில் பலரும் சிக்குவது பெயின்டிங்கில் இல்லை, வாங்குவதில். ஆஃபர் பார்த்து வாங்கி, பெயின்ட் அடிக்காமல் குவிந்துகிடக்கும் பெட்டிகளுக்கு உலகம் முழுக்க 'பைல் ஆஃப் ஷேம்' என்றே பெயர். பாட்டி கொலுப்படியை ஒரே நாளில் நிரப்பவில்லையே... வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புது பொம்மை சேர்த்துத்தானே அந்த கலெக்‌ஷனே வந்தது? அதே ரூல்தான் இங்கேயும். கையில் இருப்பதை முடித்த பிறகே அடுத்தது.

முதல் பொம்மை சொதப்பலாகத்தான் வரும். அதைத் தூக்கிப்போடாதீங்க. பத்தாவது பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தும்போதுதான், உங்க கை எவ்வளவு கத்துக்கிட்டு இருக்குன்னு தெரியும்!