சிரித்தபடி விழுங்கும் அவமதிப்பு: கடற்கரை உணவகங்களில் உணர்ச்சி உழைப்பும் சாதியும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான உணவகங்களில் பரிமாறுபவரிடம் வாங்கப்படுவது கையுழைப்பு மட்டுமன்று; முகமும் குரலும்கூட. வாடிக்கையாளர் ஒருமையில் விளித்தாலும் விரலைச் சொடுக்கினாலும், சிரித்தபடியே மன்னிப்புக் கேட்க வேண்டியவர் பரிமாறுபவர்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட நூலில் இதனை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். உள்ளே ஒன்றை உணர்ந்து வெளியே வேறொன்றைக் காட்டுவது ஒரு வகை. காட்டுவதையே உண்மையாக உணரும்படி தன்னைப் பழக்கிக்கொள்வது மற்றொரு வகை; வீடு திரும்பிய பின்னும் கழற்றி வைக்க முடியாதது அது.

நம் மண்ணில் இதன்மேல் சாதி ஏறி அமர்கிறது. "எந்த ஊருப்பா?" என்ற கேள்வியைத் தொடர்ந்து "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வந்தால், அது நலம் விசாரிப்பன்று, ஊரா, காலனியா என்று அறியும் உத்தி. பதிலை மழுப்புவதும், தெருப்பெயரை மாற்றிச் சொல்வதும், உடன் பணிபுரிவோரிடமும் அதே பொய்யைக் காப்பாற்றுவதும் தலித் தொழிலாளி சுமக்கும் இரண்டாவது உழைப்பு. அதற்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடமில்லை.

ஏன் வேலையை உதறிவிட்டு வெளியேறக் கூடாது என்று கேட்போருக்கு இம்மாவட்ட வரலாறே விடை. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. கைமாறிப்போன அந்நிலங்களுக்காகக் காரணையில் எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர். சொந்த நிலமுள்ளவர் அவமதிப்பைக் கண்டு எழுந்து போகலாம். மாதச் சம்பளம் மட்டுமே உள்ளவர் சிரிக்கத்தான் வேண்டும்.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013), பணியிடத்திற்கு வந்துபோகும் வெளியாரிடமிருந்தும் பெண் ஊழியரைக் காக்கும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்துகிறது. வாடிக்கையாளரின் சாதி வசைக்கு எதிராக இப்படியொரு கடமை நிர்வாகத்திற்கு வேண்டாமா? வசைபாடியவரின் மேசைக்கு அதே ஊழியரை மீண்டும் அனுப்பாதிருப்பது, தொழிலாளியை மன்னிப்புக் கேட்க வைக்காதிருப்பது, சற்று நேரம் தனியே அமர இடம் தருவது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. உட்காரும் உரிமையே 2021இல்தான் வந்தது. அதுவும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம். உணவகங்களுக்கோ 1958 முதல் தனிச்சட்டம் உள்ளது.

வசைபாடியவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகளின்கீழ் புகார் அளிக்கலாம். அவமதிப்பு பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உணவகக் கூடம் அத்தகைய இடமே. ஆனால் புகார் அளிப்பவர், தாம் இத்தனை நாள் மறைத்துவந்த சாதியைச் சான்றிதழோடு வெளியிட்டாக வேண்டும். முதலாளிக்கு அஞ்சும் சக ஊழியர் சாட்சி சொல்லத் தயங்குவார். அந்த வேளையில் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாம் சாட்சி சொல்ல முடியும். நாளையும் நேரத்தையும் சொன்ன சொல்லையும் அங்கேயே குறித்துக்கொண்டு, அத்தொழிலாளி விரும்பினால் அவரோடு காவல் நிலையம் வரை செல்லவும் முடியும்.